எங்க பக்கத்து தண்ணி பெல்லோஷிப், போலாமா வேண்டாமா

பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கால கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கம் இருக்கறவங்க நெறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அந்த வாசகசாலைல ஒரு பொண்ணு உக்காந்து தண்ணி ரிப்போர்ட்டெல்லாம் தமிழ்ல சொல்லுதாமே, காசு கேக்குமா, நம்பலாமா, போனா வேல ஆகுமான்னு. தனித்தனியா பதில் போட்டு மாளல, அதான் ஒரேடியா எழுதிடறேன். காசு இல்ல, நம்பலாம், போங்க. அஞ்சுக்கு நாலு குடுப்பேன். அந்த ஒண்ண ஏன் கொறச்சேன்னு தெரியணும்னா கீழ வரைக்கும் படிங்க, எனக்கு முக்கியமா பட்டது அதுதான்.

மொதல்ல இது என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா பாதி பேர் இத பஞ்சாயத்து ஸ்கீம்னு நெனச்சுட்டு ரேஷன் கார்டு எடுத்துட்டுப் போறாங்க. வெளியூர்ல ஒரு அமைப்பு இருக்கு, அவங்க சில பேர தேர்ந்தெடுத்து மாசாமாசம் ஒரு தொகை குடுக்கறாங்க, அதுக்குப் பேர்தான் பெல்லோஷிப், வாங்கறவங்க என்ன பண்ணணும்னா அவங்கவங்க ஊர் தண்ணி, மண்ணு, காடு பத்தி ஆபீசு பீரோல, காலேஜ் லைப்ரரில, கோர்ட்டு கட்டுல பூட்டிக் கெடக்கற விஷயத்த எல்லாம் எடுத்து ஊர் பாஷைல எழுதி யாரு வேணா எடுத்துக்கற மாதிரி வெக்கணும். ஜெராக்ஸ் போடலாம், மாத்தி எழுதலாம், அச்சடிச்சு வித்தாக் கூட கேக்க மாட்டாங்க, எங்கிருந்து எடுத்தோம்னு ஒரு வரி போட்டா போதும். அமைப்போட பேர நான் போடல, கொறையும் சொல்லப் போறேன், வம்பு எதுக்கு.

ஐடியா புதுசில்ல. பெங்களூர்ல அர்க்யம்னு ஒரு அமைப்பு 2007லயே இந்தியா வாட்டர் போர்ட்டல்னு ஆரம்பிச்சு, 1901லருந்து 2002 வரைக்கும் ஜில்லா ஜில்லாவா மாச மழைக்கணக்கு எல்லாம் இலவசமா திறந்து வெச்சாங்க, நல்ல வேலதான். ஆனா ஜில்லாக் கணக்குல நமக்கு ஒரு சங்கடம் இருக்கு. பாலக்காடு ஜில்லான்னா அதுல மழை கொட்டற நெல்லியாம்பதி மலையும் வரும் காஞ்சு கெடக்கற நம்ம வடகரப்பதியும் வரும், ரெண்டையும் கூட்டி சராசரி போட்டா பேப்பர்ல நம்ம காடும் நனஞ்சுதான் கெடக்கும். கேரளாவோட சராசரி மழை வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டர் பக்கம்னு சொல்றாங்க, மலை மறைச்சு மழை கம்மியா விழற நம்ம மழைநிழல் பஞ்சாயத்துகள்ல அதுல பாதி கூட எட்டாத வருஷம் இருக்கு, அது திருவனந்தபுரத்துல உக்காந்து பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? கேரளான்னாலே தண்ணி ஓடும்னு நெனப்பு, தமிழ்நாட்டு சொந்தக்காரங்களுக்கும் அதே நெனப்புதான்.

அப்புறம் பாஷை. நம்ம பசங்க தமிழ் மீடியம் படிச்சவங்க, பூஜல வகுப்பு, அதான் நிலத்தடி நீர் துறை, அவங்க பேப்பர் மலையாளம், லேப் ரிப்போர்ட் இங்கிலீஷ், மோட்டார்க்காரன் சொல்றது மட்டும் தமிழ், அதனால மோட்டார்க்காரன் சொல்றதுதான் நமக்கு வேதம். 1969 கேரளா ஆட்சிமொழிச் சட்டத்துலயே தமிழ் சிறுபான்மைக்காரங்க அரசுக்கு தமிழ்ல எழுதலாம்னு இருக்கு, எத்தன பேருக்குத் தெரியும்? எனக்கே அந்த மேசைல ஒட்டியிருந்த தாளப் பாத்துதான் தெரிஞ்சுது.

சரி, மேசைக்கு வருவோம். வாசகசாலைல பேப்பர் படிக்கற ஹாலுக்குப் பக்கத்து ரூம்ல ஒரு மேசை, ரெண்டு பெஞ்சு, கலர் கலரா பைலு, ஒரு பழைய லேப்டாப்பு, சுவத்துல வரைபடம். பெல்லோஷிப் வாங்கற அந்தப் பொண்ணு கோபாலபுரம் பக்கம்தான், நம்ம பேச்சு பேசும், பெரியவங்க எல்லாம் அம்மிணின்னுதான் கூப்புடறாங்க. நான் போனது எங்க போர் தண்ணி டெஸ்ட் பேப்பர எடுத்துட்டு. லேப்ல குடுத்து வாங்கி மாசக்கணக்கா பீரோல கெடந்தது, எல்லா வரிலயும் ஒரு நம்பர், பக்கத்துல ஒரு நம்பர், எது நல்லது எது கெட்டதுன்னு ஒண்ணும் புரியல.

அம்மிணி பேனா எடுத்து ஒவ்வொரு வரியா போச்சு. கரைஞ்ச உப்பு மொத்தம், அதான் டிடிஎஸ்னு வாட்டர் பில்டர் விக்கறவங்க மீட்டர வெச்சு நம்மள பயமுறுத்தறது, அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற தண்ணியே இல்லாத ஊருன்னா 2000 வரைக்கும் விட்டுக்குடுக்கறாங்க. கடினத்தன்மை 200, தள்ளினா 600. அதெல்லாம் எங்களுது கொஞ்சம் தூக்கலா இருந்தாலும் சமாளிக்கலாம், சோப்பு நுரைக்காது, பாத்திரத்துல வெள்ள படியும், அவ்வளவுதானே. அடுத்து ப்ளோரைடு வரிக்கு வந்ததும் அம்மிணி பேனாவ நிறுத்திட்டு வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களாக்கான்னு கேட்டுது. அதுக்கு அளவு 1 மில்லிகிராம், வேற வழியே இல்லாட்டி 1.5, அதுக்கு மேல போகக் கூடாது. எங்களுது மேல. எங்க அடியில கெடக்கற பாறைல இருந்து கரஞ்சு வர்றது அது, தண்ணி எவ்வளவு ஆழத்துல எவ்வளவு காலம் பாறையோட ஒட்டிக் கெடக்குதோ அவ்வளவு சேரும், அதனாலதான் போர ஆழமா போடப் போட இந்தப் பிரச்சன வரும். பல்லு முளைக்கற வயசுல குடிச்சா மஞ்சளும் பழுப்புமா கறை புடிக்கும், தேச்சாப் போகாது, ரொம்ப வருஷம் நெறைய குடிச்சா எலும்பு மூட்டெல்லாம் இறுகிப் போகும். எங்க தெருவுல சில பசங்க பல்லப் பாத்து ஒழுங்கா வெளக்கறதில்லன்னு அடிச்சிருக்காங்க, பாவம்.

காய்ச்சிக் குடிச்சா சரியாயிடும்னு நம்ம வீட்டுல எல்லாம் ஒரு நம்பிக்கை இருக்கில்ல, ப்ளோரைடு விஷயத்துல அது நேர் எதிர், தண்ணி ஆவியாகும் ப்ளோரைடு ஆவியாகாது, மிச்சத்துல இன்னும் கெட்டியாகும். ஆர்ஓ மெஷின் எடுக்கும், ஆனா வீணாப் போற தண்ணி எவ்வளவுன்னு கணக்குப் பாத்துட்டு வாங்குங்க. மேலோட்டமான திறந்த கெணத்துல பொதுவா கம்மியா இருக்கும்ங்கறதால குடிக்க சமைக்க மட்டும் கெணத்துத் தண்ணி இல்லாட்டி பைப்பு தண்ணி, மத்ததுக்கு போர்னு பிரிச்சுக்கச் சொல்லுச்சு. அதுக்காக கெணத்துத் தண்ணிய அப்படியே மொண்டு குடிச்சுடாதீங்க, அதுக்கு கிருமி டெஸ்ட் தனி, அதுக்கு லேப்ல குடுக்கற சுத்தம் பண்ண பாட்டில்லதான் புடிக்கணும், குளிர வெச்சு அன்னைக்கே கொண்டு போய் சேக்கணும், கலர் பாட்டில்ல புடிச்சுட்டுப் போனா ரிசல்ட்டுக்கு அர்த்தமே இல்ல. இதெல்லாம் ஒரே தாள்ல தமிழ்ல பெரிய எழுத்துல போட்டு வெச்சிருக்கு, எடுத்துட்டு வந்து பிரிட்ஜ்ல ஒட்டிட்டேன். இந்த ஒரு தாளுக்கே நாலு ஸ்டாரும் தகும்.

அடுத்தது ஆத்துத் தண்ணி பைலு. எங்கண்ணன் பொண்ணு எடுத்தது ஆனைமலைப் பக்கம், சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு ஆழியாத்துப் பாசனம், எந்த விசேஷத்துல கூடினாலும் சாப்பாடு முடிஞ்சு வெத்தலை போடறப்ப இது ஆரம்பிச்சுடும். உங்க கேரளாக்காரங்களுக்கு குடுத்துக் குடுத்தே எங்க டேம் காலியாகுது சம்பந்தின்னு அவர் சொல்வார், எங்க அப்பா எங்களுக்கு எங்கீங்க வருது, மூலத்தறை அணைக்கட்டுல வந்து பாருங்கன்னு சொல்வார், ரெண்டு பேரும் பேசறது தமிழ்தான், சண்டை மட்டும் ரெண்டு ஸ்டேட்டுக்கு. ரெண்டு ஸ்டேட்டும் தண்ணிய பங்கு போட்டுக்கிட்ட ஒப்பந்தத்த ரெண்டு பேரும் படிச்சதே இல்ல.

அம்மிணி அத தமிழ்ல சுருக்கி வெச்சிருக்கு. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29, ஆனா 1958 நவம்பர் 9லருந்தே அமல்னு எழுதிக்கிட்டாங்க. மணக்கடவு அணைக்கட்டுல நம்ம சித்தூர்ப் புழைக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி. வருஷம்னா ஜூலை 1லருந்து ஜூன் 30. ஒரு டிஎம்சின்னா கிட்டத்தட்ட 2830 கோடி லிட்டர், பெருக்கிக்கோங்க. சம்பந்தி சொல்ற பெரிய நம்பர் எங்கிருந்து வருதுன்னா கேரளா சோலையாறுக்குன்னு தனியா 12.3 டிஎம்சி இருக்கு, அது சாலக்குடி பக்கம் எறங்கிப் போற தண்ணி, அதுல ஒரு சொட்டு நம்ம பக்கம் எட்டிப் பாக்காது. பேப்பர்ல கேரளாவுக்குன்னு கூட்டிப் போட்டா நெறையத் தெரியும், சித்தூர்க்காரனுக்கு 7.25தான். அந்தப் பக்கத்து நியாயமும் பைல்ல இருக்கு, அது எனக்குப் புடிச்சுது, மேற்க ஓடற ஆறுகள கெழக்க திருப்பி கட்டின அத்தன டேமுக்கும் கீழ பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர் பக்கம் எவ்வளவு நெலம் சுழற்சி முறைல காத்துட்டுக் கெடக்குன்னு. முப்பது வருஷத்துக்கு ஒருக்கா ஒப்பந்தத்த மறுபடி பாக்கணும்னு அதுலயே எழுதியிருக்கு, அந்தக் கணக்குக்கு 1988லயே நேரம் வந்தாச்சு.

இன்னொண்ணும் பைல்ல நல்லா வெளக்கியிருக்கு. வருஷக் கணக்கு சரியா வந்துச்சா இல்லையாங்கறத விட எந்த மாசம் வந்துச்சுங்கறதுதான் வயலுக்கு விஷயம். ஆகஸ்ட்டுல ஆறு ரொம்பி ஓடறப்ப கெடைக்கற தண்ணியும் ரெண்டாம் போகம் நெல்லு கதிர் புடிக்கறப்ப கெடைக்கற தண்ணியும் ஒண்ணா? அண்ணன் வீட்டுக்கு அந்தத் தாள ரெண்டு காப்பி குடுத்து விட்டேன். சண்டை நிக்கல, ஆனா இப்ப நம்பரோட சண்டை போடறாங்க.

பிளாச்சிமடை பைலப் பத்தி சுருக்கமா சொல்றேன், எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, ஆனா பேப்பரா கையில எடுத்துப் பாத்தவங்க கம்மி. பெருமாட்டி பஞ்சாயத்துல 2000ல வந்த கோகோ கோலா கம்பெனி, நிலத்தடி தண்ணிய உறிஞ்சறாங்கன்னு 2002 ஏப்ரல்ல ஆரம்பிச்ச போராட்டம், அத முன்ன நின்னு நடத்தின மயிலம்மா, 2003 டிசம்பர்ல நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசாங்கம் அதுக்குக் காவல்தான்னு ஹைகோர்ட்டு தனி நீதிபதி சொன்னது, அப்புறம் 2005ல ரெண்டு ஜட்ஜ் பெஞ்சு வேற மாதிரி சொல்லி ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் எடுத்துக்கலாம்னது, அதுக்குள்ள 2004லயே ஆலை நின்னு போனது, 2010ல உயர்நிலைக் கமிட்டி நஷ்டம் 216.26 கோடி ரூபான்னு போட்டது, 2011ல சட்டசபைல பாஸான நஷ்டஈட்டு மசோதா ஜனாதிபதி ஒப்புதல் கெடைக்காம நின்னது, எல்லாம் தேதி வாரியா இருக்கு. போராடினவங்கள்ல முக்காவாசி எரவாளர், மலசர் குடும்பங்க, அவங்க பேசறது தமிழ் கலந்த பேச்சு, அவங்க கதைய அவங்களே படிக்கற மாதிரி, படிக்கத் தெரியாதவங்க கேக்கற மாதிரி குரல்லயும் பதிஞ்சு வெச்சிருக்கறது பெரிய விஷயம். ஆனா மேசை இருக்கற எடத்துக்கும் அந்தக் காலனிக்கும் பஸ்ஸு சரியில்ல, அங்கிருந்து யாரும் வந்து நான் பாக்கல. அம்மிணிதான் போன்ல ஏத்திட்டுப் போய் போட்டுக் காட்டுது.

இப்ப அந்த ஒரு ஸ்டார்.

சித்தூர் பிளாக்கு எப்பவும் அடி வாங்கற பிளாக்கு. மழையில ஊறி நெலத்துக்குள்ள எறங்கறது நூறுன்னு வெச்சா எழுபதுக்குள்ள எடுத்தா பாதுகாப்பு, நூறத் தாண்டி எடுத்தா ஓவர் எக்ஸ்ப்ளாய்ட்டட்னு முத்திரை. 2017 மதிப்பீட்டுல கேரளாவுலயே நூறத் தாண்டின ஒரே பிளாக்கு நம்மளுதுதான். அரசாங்கம் அளக்கற கெணறுங்க கொஞ்சம்தான், அதனால ஊர்க்காரங்களே அளந்து எழுதற ஒரு பதிவேடு வேணும்னு பெல்லோஷிப்ல ஒரு பகுதி. நல்ல யோசனை. ராத்திரி பூரா மோட்டார் ஓடாம விட்டு விடியக்காலைல கயிறு விட்டு அளக்கணும், கெணத்து மேட்டுல ஒரு அடையாளம் போட்டு எப்பவும் அங்கிருந்தே அளக்கணும், இல்லாட்டி ஒரு மாசம் சுவத்து மேலருந்து ஒரு மாசம் தரைலருந்துன்னு அளந்து தண்ணி ஏறிடுச்சு எறங்கிடுச்சுன்னு ஏமாறுவோம். நாங்களும் குடுத்தோம், எங்க தெருவுல நெறைய பேர் குடுத்தாங்க. கெணத்து ஆழம், போர் ஆழம், எத்தனாவது அடியில தண்ணி பட்டுச்சு, எத்தன இஞ்சு, சர்வே நம்பர், எல்லாம்.

அது அத்தனையும் அப்படியே சுவத்துல ஏறிடுச்சு. வரைபடத்துல புள்ளி வெச்சு, பக்கத்துல நம்பரோட. அமைப்புக்காரங்க பாரத்துலயே சரியான எடம் குறிச்சு அனுப்பணும்னு இருக்காம், திறந்த தகவல்னா முழுசா திறந்திருக்கணும்னு கொள்கையாம். அத மொதல்ல படிக்க வந்தது யாருன்னு நெனைக்கறீங்க? போர் போடற திருச்செங்கோட்டு ரிக்கு வண்டிகளுக்கு ஆள் புடிக்கற புரோக்கருங்க. போன்ல போட்டோ எடுத்துட்டுப் போய், உங்க பக்கத்துக் காட்டுல இத்தனாவது அடியில நல்ல தண்ணி பட்டிருக்கு பாருங்க, எழுத்துலயே இருக்கு, நாமளும் அங்கயே ஓரமா எறக்கலாம்னு வீடு வீடா கேட்டாங்க. நம்ம பிளாக்கு நிலத்தடி நீர்ச் சட்டத்துக்குக் கீழ நோட்டிபை பண்ணது, புது போருக்கு அனுமதி வாங்கணும், அது காயிதத்துல. ராத்திரி வண்டி வந்து விடியறதுக்குள்ள போயிடும்னு தெரியாதவங்க நம்ம பக்கம் யாராச்சும் இருக்காங்களா?

இதுல இன்னொரு கணக்கு இருக்கு, அதச் சொன்னப்ப அம்மிணிக்கே முகம் சுருங்கிப் போச்சு. பதிவேட்டுல தகவல் குடுத்தவங்க எல்லாம் ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர்க்காரங்க. கள்ளு எறக்கற பெரிய தென்னந்தோப்புக்காரங்க, வரிசையா போர் வெச்சிருக்கறவங்க ஒருத்தரும் ஒரு நம்பர் குடுக்கல, குடுக்கணும்னு கட்டாயமும் இல்ல. அப்ப திறந்து கெடந்தது யாரு கெணறு? அதிகமா உறிஞ்சறவங்க கெணறு மூடியே இருக்கு, கொஞ்சமா எடுக்கறவங்க கெணறுக்குத்தான் மூடி இல்லாம போச்சு. சர்க்கார் பீரோல இருக்கறது நம்ம வரிப்பணத்துல எடுத்த தகவல், அத முழுசா திறங்க, ஒரு பக்கம் கூட விடாம திறங்க. கம்பெனிக்காரங்க எவ்வளவு எடுக்கறாங்கன்னு திறங்க. வீட்டுக் கெணறு அந்த ஜாதி இல்ல, அதுல அந்தக் குடும்பம் சொன்னாத்தான் எவ்வளவு வெளிய போகலாம்னு முடிவு பண்ணணும். எல்லாத்துக்கும் ஒரே பாரம் போட்டது அமைப்போட தப்பு, அந்தப் பொண்ணோடது இல்ல. அது கேட்டு எழுதியிருக்கு, பதில் வரவே நாளாயிருக்கு, கடைசில யாரையும் கேக்காம அதுவே புள்ளியெல்லாம் எடுத்துட்டு வார்டு வாரியா மட்டும் போட்டுது. இப்ப சுவத்துல எந்த வார்டுல எந்த மாசம் எவ்வளவு எறங்கியிருக்குன்னுதான் இருக்கு, தனிக் கெணத்துக் கணக்கு பூட்டுல, கெணத்துக்காரங்க வந்து கேட்டா அவங்களுது மட்டும் காட்டறாங்க. அது போதும், ஊரு முடிவெடுக்க வார்டுக் கணக்கு போதும். பழைய போட்டோ வாட்ஸப்ல சுத்திட்டுத்தான் இருக்கு, அத இனி யாரும் திரும்ப வாங்க முடியாது.

சில பேர் இதக் கேட்டுட்டு அப்ப போகவே வேண்டாம்னு சொல்றாங்க, அது முட்டாள்தனம். டெஸ்ட் பேப்பர் படிக்கறதுக்கும் ஒப்பந்தத் தாளுக்கும் எந்த ஆபத்தும் இல்ல. பதிவேட்டுக்கு மட்டும் குடுக்கறதுக்கு முன்னால எது வெளிய போகும்னு கேட்டுட்டு குடுங்க, இப்ப அதுக்குன்னு ஒரு சம்மதத் தாள் வெச்சிருக்காங்க, தமிழ்ல இருக்கு, படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க.

சின்னக் கொறைங்கன்னா, தொழிலுறுப்பு, அதான் நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க திரும்பி வர்ற நேரத்துக்கு மேசைய எடுத்துடறாங்க, கொஞ்சம் நேரம் தள்ளி வெச்சா நல்லது. மழைக்கணக்கு பைல்ல வேலந்தாவளம் பக்கம் ரொம்ப ஓட்டையா இருக்கு. அம்மிணியோட காலம் முடிஞ்சதும் யாரு உக்காருவாங்கன்னு வாசகசாலை கமிட்டில கேட்டேன், பைலெல்லாம் எங்க சொத்துதான், தாள் எடுக்க எப்பவும் வரலாம், வெளக்கிச் சொல்ல ஆளுக்கு பாத்துட்டிருக்கோம்னாங்க. அதனால சந்தேகம் கேக்கணும்னா இப்பவே போயிடுங்க. போறப்ப டெஸ்ட் பேப்பரோட ரெண்டு பக்கமும் எடுத்துட்டுப் போங்க, போர் எத்தன அடி, கேசிங் பைப்பு எத்தன அடின்னு தெரிஞ்சா அதையும் குறிச்சுக்கோங்க, அதக் கேக்காம ப்ளோரைடு பத்தி அம்மிணி வாயே தொறக்காது. திங்கக்கெழம லீவு.